ஆற்றங்கரையில் தேடிய புதுமைப்பித்தன்

திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குக் காரில் புறப்பட்ட அன்பர் நால்வர், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நண்பகலில் திருநெல்வேலியில் இறங்கினோம். புதுமைப்பித்தன் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையைக் கண்ட பின்னரே மேற்செல்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். 1843-இல் கட்டப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தின்மீது நின்று, கீழே மெலிந்து ஓடிய தாமிரபரணியை நெடுநேரம் பார்த்தோம்.

“இந்த ஆறு அவர் கதைகளில் எங்கே இருக்கிறது?” என்று உடன்வந்த அன்பர் ஒருவர் கேட்டார். விடை கூற இயலவில்லை. ‘நெல்லை மண்ணின் எழுத்தாளர்’ என்று முன்னர் ஒரு கூட்டத்தில் அவரைப் போற்றிப் பேசியவர் நாமே. ஆதலின் அவ்வினா சற்றே சுட்டது.

தி. ஜானகிராமனிடத்தில் இவ்வினா எழாது. காவிரியை நீக்கிவிட்டு ‘மோகமுள்’ளின் கும்பகோணத்தை நினைக்கவொண்ணாது. சிட்டியுடன் இணைந்து அவர் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ முழுவதுமே அவ்வாற்றைத் தொடர்ந்து சென்ற பயண நூல். புதுமைப்பித்தனோ ஆற்றங்கரையில் நின்று உருகுபவர் அல்லர். அவர்தம் ஊர் காட்சியில் இல்லை. பேச்சிலும் ஏக்கத்திலும் இருக்கிறது.

‘செல்லம்மாள்’ கதையை எண்ணிப் பார்க்கலாம். துணிக்கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவியோடு சென்னையில் காலந்தள்ளுகிறார். ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. அவ்வாசையில் ஆறும் இல்லை, கோபுரமும் இல்லை. நெல்லிக்காய் அடையும் முருக்க வற்றலும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவர வேண்டும் என்றே சொல்கிறாள். ஊரைக் காணாமலே மறைகிறாள். ஆற்றின் வருணனை பத்துப் பக்கம் வந்திருப்பினும் திருநெல்வேலி இவ்வளவு அருகில் வந்திராது.

இதற்குக் காரணம் அவர் வாழ்க்கையிலேயே கிடைக்கிறது. அவர் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தந்தையார் தாசில்தார், மாற்றல்தோறும் வீடு மாறியது. 1918-இல்தான் குடும்பம் நெல்லை வந்து சேர்ந்தது. அயலூர்களில் வீட்டுக்குள் மட்டும் கேட்ட பேச்சு, இங்குத் தெருவெல்லாம் ஒலிக்கக் கேட்ட சிறுவனின் செவி எத்துணைக் கூர்மை பெற்றிருக்கும்! இது நம் ஊகமே. மாற்றல் உத்தரவு குழந்தைகளின் நாவை என்ன செய்யும் என்பதை, மத்திய அரசுப் பணியிலுள்ள நாம் நம் இல்லத்திலேயே கண்டிருக்கிறோம்.

இதில் ஒரு குறையும் உண்டு. பிள்ளைமார் வீட்டுப் பேச்சில் அவர் காட்டும் நுண்மை, ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டம் சென்று சீரழியும் மருதியின் பேச்சில் அவ்வளவாக இல்லை. அங்கே கதையைத் தாங்குவது ஆசிரியரின் சினமே.

பாலத்தைவிட்டு இறங்குகையில் அதே அன்பர் மற்றொன்றையும் நினைவூட்டினார். ‘ராஜமுக்தி’ திரைப்படத்திற்காகப் புனே சென்று, காசநோயுடன் திரும்பிய புதுமைப்பித்தன், 1948-இல் தமது நாற்பத்திரண்டாம் வயதில் கண்மூடியது நம் திருவனந்தபுரத்தில். மனைவியார் கமலா அம்மையாரின் ஊர் அது. அவரைக் காண ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வந்துவிட்டோம். அவர் இறுதி மூச்சுவிட்ட ஊரின் தெருக்களில் நாள்தோறும் அலுவலகம் சென்று வருகையில் ஒருமுறையேனும் அதனை நாம் நினைத்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் சொற்பொழிவு வேண்டாம், ‘செல்லம்மாள்’ கதையை முழுதும் வாசிப்போம் என்று காரிலேயே முடிவாயிற்று. நெல்லைத் தமிழ் இன்னும் நாவில் மாறாத அன்பர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். வாசிக்கும் பொறுப்பு அவருக்கு.