கிளி ஓட்டும் வேலை

இரண்டு பெண்கள் ஓர் அலுவலகத்தில் ஒத்துப்போய் வேலை செய்ய முடியாது என்ற அபிப்பிராயம் நம்மிடையே ஓர் இயற்கை விதியைப் போலப் புழங்குகிறது. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று அதற்குப் பழமொழி அந்தஸ்தும் கொடுத்தாயிற்று. வணிகப் பத்திரிகைத் தொடர்கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் இதை வைத்துப் பிழைப்பதில் எனக்கு வியப்பில்லை. ஏற்கெனவே நம்பப்படுவதைத் திருப்பிச் சொல்வதுதான் அவற்றின் தொழில். அவற்றை நிராகரித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நாமும் அதே கண்ணால்தான் பார்க்கிறோமா என்பதே என் கேள்வி.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். மாலையில் ரொக்கம் குறைந்து இரண்டு ஆண்கள் குரலை உயர்த்தினால் அது கணக்குத் தகராறு. பெண்கள் உயர்த்தினால் பொம்பளைச் சண்டை. சீனியாரிட்டி கேட்டு ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு எதிராக மனுப் போட்டால் அது உரிமை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எதிராகப் போட்டால் பொறாமை. காரணம் ஒன்றுதான், பெயர் மாறுகிறது. பெயர் மாறியதும் காரணம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இது மொழி செய்யும் காரியம். ஆகவே இலக்கிய விமர்சனத்தின் விஷயமும்கூட.

வர்ஜீனியா உல்ஃப் 1928-ல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து, 1929-ல் 'தனக்கென்று ஓர் அறை' என்ற நூலாக வெளியிட்டார். அதில் ஒரு நாவலைக் கற்பனை செய்கிறார். குளோயி, ஒலிவியா என்று இரண்டு பெண்கள். ஒரே பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறவர்கள். ஒருத்திக்கு மற்றவளைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். இது இலக்கியத்தில் முதல் தடவையாக இருக்கலாம் என்கிறார் உல்ஃப். ஷேக்ஸ்பியரின் கிளியோபாட்ராவுக்கு ஆக்டேவியாமேல் பொறாமைப்படுவதைத் தவிர வேறு வேலையில்லை. நடுவில் நிற்கும் ஆணை வைத்தே இருவரும் அளக்கப்படுகிறார்கள். உல்ஃபின் இந்தப் பகுதியைப் பேசுகிறவர்கள் நட்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பரிசோதனைச் சாலை. இரண்டு பெண்கள் சேர்ந்து கவனிக்க, ஆண் அல்லாத ஒரு பொருள் அங்கே இருக்கிறது.

நம் மரபிலும் அப்படி ஓர் இடம் இல்லாமல் இல்லை. தினைப்புனம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கிளி ஓட்டப் போகிறார்கள். தழல், தட்டை, குளிர் என்று கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள்கூட உண்டு. ஆனால் 261 அடிகளில் வேலைக்குக் கிடைப்பவை சிலதான். பிறகு அருவி, 99 பூக்கள், தலைவன். புனம் அவன் வருவதற்கான மேடையாகிவிடுகிறது. இதைக் கவிதையின் குறையாகச் சொல்லவில்லை. அகத்தின் அக்கறை அதுதான். குறை நம் வாசிப்பில். தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. அப்படியானால் அவளுக்கும் தலைவிக்கும் இடையே நட்போடு ஒரு வேலை உறவும் இருக்கிறது. காவலும் தூதும் சமாதானமும் சமயத்தில் பொய்யும் அவள் பொறுப்பு. அவளை உழைப்பவளாக எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்? உயிர்த்தோழி என்று நெகிழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எதிரி என்ற வார்ப்பும் உயிர்த்தோழி என்ற வார்ப்பும் ஒரே சோம்பலில் பிறந்தவை.

இந்தச் சோம்பல் சமூகவியலையும் தொட்டிருக்கிறது. 1974-ல் அமெரிக்காவில் ஸ்டெய்ன்ஸ், டாவ்ரிஸ், ஜெயரத்னே மூவரும் 'ராணித் தேனீ' என்றொரு பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களின் இடத்தில் மேலே வந்துவிட்டு, மற்றப் பெண்களுக்கு வழிவிடாத பெண்ணுக்கு. பெயர் ஆராய்ச்சியைவிட வேகமாகப் பரவி வசையாகிவிட்டது. 1977-ல் ரோஸபெத் மாஸ் கான்டர் ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றி எழுதியபோது கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஒரு குழுவில் 15 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் தனி மனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை. தங்கள் வகைக்கு ஒரு மாதிரியாகவே பார்க்கப்படுகிறார்கள். ஒருத்தி தவறினால் எல்லாரும் தவறியதாகும். அங்கே இன்னொருத்தியிடமிருந்து விலகி நிற்பதைச் சுபாவம் என்பதைவிட, எண்ணிக்கை செய்யும் வேலை என்பதே பொருந்தும். இருவருக்கு ஒரு நாற்காலி போட்டவனைப் பற்றி யாரும் பழமொழி சொல்வதில்லை.

கடுமையான பெண் அதிகாரிகள் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. பெண்கள் எல்லாரும் கைகோத்து நிற்கும் முற்போக்குக் கதையும் எனக்கு வேண்டாம். அதில் கோஷம் இருக்கும், வேலை இருக்காது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) கலையமைதியில் எனக்குத் திருப்தி தராத நாவல். ஆனாலும் தூத்துக்குடி உப்பளத்தின் வெயிலும் கூலியும் அதற்குள் வந்துவிட்டதால், அங்குள்ள பெண்களுக்கிடையே உள்ள உறவுக்கு மண்ணில் ஒரு கால் கிடைத்துவிடுகிறது. நம் நவீனச் சிறுகதையின் அலுவலகப் பெண் பெரும்பாலும் பஸ்ஸில் இருக்கிறாள், ஜன்னலோரம் இருக்கிறாள், தனிமையில் இருக்கிறாள். பக்கத்து மேஜையில் இருப்பவள் யார் என்று நமக்குத் தெரிவதில்லை.

குளோயிக்கு ஒலிவியாவைப் பிடிக்காமலும் போகலாம். அந்த உரிமையும் அவளுக்கு வேண்டும். ஆனால் அவர்கள் எதைப் பற்றி மோதிக்கொண்டார்கள் என்பதை எழுதுகிறவன் அந்தப் பரிசோதனைச் சாலைக்குள் போய்த் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.