காற்றுக்குக் கட்சி கிடையாது

ஒரு டீம் ஒரே மேட்ச்சில் 36 கோல் போடுகிறது. எதிர் டீம் பூஜ்யம். அப்படியானால் ஜெயித்த டீமின் கோல்கீப்பர் 90 நிமிஷமும் என்ன செய்துகொண்டிருப்பார்? வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் குடையை வாங்கி, மழைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாராம்!

குடைக்கு நான் ஜவாப்தாரி இல்லை. ஆனால் ஸ்கோருக்கு ரெக்கார்டு இருக்கிறது. 1885, செப்டம்பர் 12. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஆர்புரோத் என்கிற மீன்பிடி ஊரின் டீம், அபர்டீனிலிருந்து வந்த பான் அக்கார்ட் டீமைத் துவைத்துக் காயப்போட்ட நாள். ஜாக் பெட்ரி என்ற 18 வயசுப் பையன் மட்டும் 13 கோல். இதில் இன்னொரு கொடுமை, அதே தினம் பக்கத்தில் டண்டீ நகரத்தில் வேறொரு டீம் 35-0 என்று ஜெயித்தது. ஒரே ஒரு கோலில் சரித்திரம் கைநழுவிப் போச்சு!

அந்த 36 கோல் விழுந்த மைதானத்தின் பெயர் கேஃபீல்ட் பார்க். இந்த வாரம் சினிமாவுக்கு லீவு. விமர்சனம், மைதானத்துக்கு.

1880-லிருந்து ஆர்புரோத் கிளப்புக்கு இதுதான் வீடு. 1925-ல் ஆடுகளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள், அவ்வளவுதான். சுவரைத் தாண்டிச் சில எட்டு வைத்தால் வட கடல். ஐரோப்பாவிலேயே கடலுக்கு இவ்வளவு ஒட்டி வேறு ஸ்டேடியம் இல்லை என்பார்கள். சீற்றமான நாளில் அலை சுவரில் மோதி, சாரல் உள்ளே வந்து விழும். டிக்கெட் வாங்கினால் உப்புத் தண்ணீர் இலவசம்.

சரி, அழகான இடமா? சத்தியமாக இல்லை. சிமென்ட் படிக்கட்டு, தகரக் கூரை, ஒரு பக்கம் மட்டும் நாற்காலி. மொத்தம் 6 ஆயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும். அதில் உட்கார்ந்து பார்க்க ஆயிரம் பேருக்குக்கூட இடமில்லை. மற்றவர்கள் நின்றுதான் பார்க்க வேண்டும். 1952-ல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் டீம் வந்தபோது 13,510 பேர் எப்படித்தான் உள்ளே நின்றார்களோ! அந்த ஊரின் இன்றைய ஜனத்தொகையே சுமார் 23 ஆயிரம்தான்.

நல்ல கால்பந்துக்கு ஏற்ற இடமா? அதுவும் சந்தேகம். காற்று பலமாக இருந்தால் உயரமாக அடித்த பந்து போய்க்கொண்டே இருக்கும், அல்லது அடித்தவனைத் தேடித் திரும்பி வரும். அழகாகப் பாஸ் கொடுத்து ஆடப் பழகியவர்களுக்கு நரகம். ‘அங்கே ஆடுவது கால்பந்தே இல்லை, பட்டம் விடுவது’ என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் பக்கம் மாறுகின்றன. முதல் 45 நிமிஷம் உனக்குச் சாதகமாக அடித்த காற்று, அடுத்த 45 நிமிஷம் உன் முகத்தில் அறையும். ஆதரவாளர்களும் விடமாட்டார்கள். தங்கள் டீம் எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ, அதன் பின்னால் போய் நிற்பார்கள். இடைவேளையில் கூட்டமே மெள்ள நடந்து இடம் மாறும். நம்பர் போட்ட நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தால் இது நடக்குமா?

காற்றுக்குக் கட்சி கிடையாது. சம்பளப் பட்டியலும் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த மைதானத்தில் சின்னவனுக்கு ஒரு சான்ஸ் கிடைக்கிறது. 2021-22 சீசனில் ஆர்புரோத் வீரர்கள் பார்ட் டைம் ஆட்டக்காரர்கள். பகலில் வேறு வேலை, வேலை முடிந்து பிராக்டீஸ். கோச் டிக் கேம்ப்பெல். இவர்கள் இரண்டாவது டிவிஷனில் முழுநேர டீம்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி, கில்மார்னாக்குக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். ஸ்காட்லாந்தே மூக்கில் விரல் வைத்தது. கடைசியில் பிளே-ஆஃபில் இன்வர்நெஸ் டீமிடம் பெனால்டியில் தோல்வி. அதுவும் எங்கே? இதே கேஃபீல்டில்! சொன்னேனே, காற்றுக்குக் கட்சி கிடையாது. 2024-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, 2025-ல் அதில் சாம்பியனாகித் திரும்ப ஏறிவிட்டார்கள். அது வேறு கதை.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் முதல் டிவிஷனில் ஆட வேண்டுமென்றால் மைதானத்தில் 10 ஆயிரம் இருக்கை வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2003-ல் ஃபால்கிர்க் டீம் இரண்டாவது டிவிஷனில் முதலிடம் பிடித்தது. ‘நாற்காலி எங்கே?’ என்று கேட்டு, மேலே ஏற விடவில்லை. மேலே கடைசி இடத்தில் கிடந்த மதர்வெல் தப்பித்தது. ஜெயித்தவன் கீழே, தோற்றவன் மேலே! ஃபால்கிர்க் அதே வருஷம் தன் பழைய பிராக்வில் மைதானத்தைக் காலி செய்தது. இன்றைக்கு அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட். கோல் போட்ட இடத்தில் கோஸ் விற்கிறார்கள்.

அடுத்த வருஷம் இன்வர்நெஸ் முதலிடம். அதற்கும் அதே கேள்வி. வேறு வழியில்லாமல், தன் ‘சொந்த மைதான’ ஆட்டங்களைச் சுமார் 100 மைல் தள்ளி அபர்டீனில் போய் ஆடியது. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த ஜில்லாவில் மண்டபம்! அப்புறம் தான் 10 ஆயிரம் போதும் போதும் என்று 6 ஆயிரமாக இறங்கியது. 2005 ஜனவரியில் இன்வர்நெஸ் வீடு திரும்பியது.

இதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் அயோக்கியன். 1971-ல் கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்துப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் செத்தார்கள். 1989-ல் இங்கிலாந்தில், ஹில்ஸ்பரோவில் 97 உயிர் போனது. மேட்ச் பார்க்கப் போன பிள்ளை பிணமாகத் திரும்புவதைவிட, ஆயிரம் மைதானங்கள் அழகிழந்து போகலாம். பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி என்று நீதிபதி டெய்லர் 1990-ல் சொன்னது இந்த வலியிலிருந்துதான்.

ஆனால் ஐப்ராக்ஸில் அன்றைக்கு இருந்தது ஜன சமுத்திரம். சில ஆயிரம் பேர் வருகிற ஊரில் 10 ஆயிரம் நாற்காலி கேட்பதில் என்ன பாதுகாப்பு? படிக்கட்டு உறுதியாக இருக்கிறதா, வெளியே போக வழி போதுமா, எத்தனை பேரை உள்ளே விடுகிறாய் என்று கேள், நியாயம். காலியாகக் கிடக்கப்போகிற பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணுவது பாதுகாப்பு இல்லை, பந்தா.

இந்தப் பந்தாவின் விளைவு என்ன தெரியுமா? புது மைதானங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டன. நாலு பெட்டி ஸ்டாண்டு, பக்கத்தில் கார் பார்க்கிங், ஊருக்கு வெளியே இடம். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் உள்ளே விட்டால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. கேஃபீல்டில் கண்ணைக் கட்டினாலும் தெரிந்துவிடும். முகத்தில் உப்பு, காதில் அலை.

விமர்சகன் மார்க் போடாமல் போகக் கூடாது. வசதிக்கு 100-க்கு 35. ஆட்டத் தரத்துக்கு, காற்றைப் பொறுத்து. ஊரின் முகம் எந்த அளவுக்குத் தெரிகிறது என்றால், நூற்றுக்கு நூறு.

கடைசியாக ஒன்று. ஆர்புரோத் டீமுக்குச் செல்லப் பெயர் ‘ரெட் லிக்டீஸ்’. கடலுக்குப் போன மீனவர்களுக்குத் துறைமுகம் இங்கே இருக்கிறது என்று வழிகாட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர். வீடு எங்கே என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த விளக்கு. ஒரு மைதானத்துக்கும் அந்த ஒரு வேலைதான். அதற்கு எத்தனை நாற்காலி வேண்டும், சொல்லுங்கள்?