சித்திரக்கதையில் நிறவொருமை

சித்திரக்கதையை வாசிப்பவன் முதலிற் காண்பது சொல்லையன்று, நிறத்தையே. பத்தாம் பக்கத்திலே மீண்டும் தோன்றும் பாத்திரத்தை அவன் முகத்தை ஆராய்ந்தா அறிகின்றான்? சட்டையின் மஞ்சளே போதும். ஆதலின் நிறம் இங்கே அணியன்று, பெயர் போன்றது.

அமெரிக்காவில் 1962இல் வெளிவந்த 'ஹல்க்' கதையின் முதலிதழிலே அப்பூதவுருவனுக்குச் சாம்பல் நிறங் கொடுக்கப்பட்டது. அச்சில் அச்சாம்பல் இடத்துக்கிடம் வேறுபட்டு விழுந்தமையால் அடுத்த இதழிலேயே அவன் பச்சையனானான். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிக்கு இத்தொல்லை இருக்கவில்லை. ஆங்கில மூலத்திலே அது கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறையும். இரும்புக் கையொன்றே எஞ்சும். அக்கையைக் கோடே காட்டி நின்றது. அக்காட்சிக்கு வண்ணந் தீட்டப் புகுவோனோ சுவரினின்றும் கதவினின்றும் வேறான ஓர் இரும்பு நிறத்தைக் கதை முழுதும் காக்கவேண்டும். தவறினாற் கையும் மறைந்துபோம்.

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் குறிக்கும் கணினி வந்தபின் நிறம் பிறழ வழியில்லை என்பர் சிலர். பிறழவே செய்கின்றது. தீட்டுபவன், தான் வகுத்த நிறப்பட்டியலை விடுத்து, முந்திய பக்கத்துச் சித்திரத்திலிருந்து நிறத்தை எடுக்கின்றான். அவன் தொட்டதோ வெயில் படிந்த கன்னம். அதன்மீது மீண்டும் வெயிலை ஏற்றுகின்றான். இவ்வாறு சில பக்கங் கடந்ததும், கொழுந்து பறிக்குங் கருநிறப் பெண் விளம்பரத்து நங்கையாய் வெளுத்துவிடுகின்றாள்! இது கவனக்குறைவே எனினும், அதை வாசிக்கும் மலையகச் சிறுமி கவனக்குறைவென்று கொள்ளாள்.

எண்ணை மாற்றாது விடுவதும் ஒருமையாகாது. பூண்டுலோயாவிலே மூடுபனியில் தேயிலை மலை சாம்பல் பூத்துக் கிடக்கும். வெயிலேறப் பசுமை மின்னும். கவ்வாத்து வெட்டியபின் பழுப்பாகும். வேறு மலையென எவரும் மயங்கார். பனியில் நிற்பவளின் சேலையை நண்பகற் சிவப்பிலேயே தீட்டினால் அவள் காட்சியின்மேல் ஒட்டிய காகிதமாவாள். சேலையும் இலையும் மேனியும் ஒருங்கே மங்கவேண்டும். தேர்ந்தவர் அடிநிறத்தைத் தொடார். பனியையும் நிழலையும் தனியடுக்காக அதன்மேற் பரப்புவர். அவ்வடுக்கை நீக்கின் பழைய சிவப்பு பழுதின்றிக் கிடக்கும்.

இன்னுமோர் இடர் கண்ணிலேயே உள்ளது. அயல்நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். சாம்பல் சிவப்பின் அருகே சற்றுப் பச்சையாய்த் தோன்றும். அவ்வாறே தேயிலைப் பசுமையின் நடுவே முகம் செம்மை மிக்குத் தெரியும். அனுபவமற்றவன் அச்செம்மையைக் குறைக்கப் புகுந்து அடிநிறத்தையே மாற்றிவிடுகின்றான். அடுத்த காட்சியில் அப்பெண் லயத்து வெள்ளைச் சுவரின் முன் வந்து நிற்கும்போது, நோயாளியின் முகத்தோடு நிற்கின்றாள்.