திருடனுக்கு ஏற்கெனவே தெரியுமா? பூட்டுகள் பற்றி 1853-ல் வந்த ஒரு புத்தகம்

கணினிப் பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கிறவர்கள் எப்போதாவது ஒரு பழைய வாதத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். பூட்டில் இருக்கும் ஓட்டையைப் பகிரங்கமாகப் பேசினால் திருடனுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது, அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் ஏமாறுவது காசு கொடுத்துப் பூட்டு வாங்கியவன்தான் என்பது அந்த வாதம். இதைச் சொன்னது ஒரு சின்னக் கையேடு. ஆல்ஃபிரெட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரரின் குறிப்புகளை அடிப்படையாக வைத்து, சார்ல்ஸ் டாம்லின்சன் பதிப்பித்து, 1853-ல் லண்டனில் வெளிவந்தது.

லாக்பிக்கிங்கைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் இன்று இதையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். பூட்டை உடைக்காமல், சாவி இல்லாமல், இரண்டு மெல்லிய கம்பிகளை வைத்துத் திறக்கும் வித்தைதான் லாக்பிக்கிங். என் கருத்து இதுதான்: அந்த வாதம் நல்ல வாதம், ஆனால் அது பாதி வாதம். பொழுதுபோக்குக்காரர்களுக்கு வேண்டிய நியாயம் அந்தப் புத்தகத்தின் வாதத்தில் இல்லை. அதில் சொல்லப்படும் கதையில் இருக்கிறது.

முதலில் கதை. 1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. டே அண்ட் நியூவெல் என்ற அமெரிக்க கம்பெனியின் பூட்டுகளைக் காட்ட ஹாப்ஸ் அங்கே போனார். அப்போது இங்கிலாந்தில் 'திறக்கவே முடியாது' என்று பெயர் வாங்கிய பூட்டுகள் இரண்டு.

ஒன்று சப் கம்பெனியின் 'டிடெக்டர்' பூட்டு. 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் நடந்த திருட்டுக்குப் பிறகு, சொந்தச் சாவி தவிர வேறெதிலும் திறக்காத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி வைத்தது. 1818-ல் ஜெரிமையா சப் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். இது லீவர் பூட்டு. நம் ஊர்க் கடைகளில் '7 லீவர்' என்று பொறித்து விற்கிறார்களே, அதே லீவர்தான். ஒவ்வொரு லீவரையும் சாவி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கவேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. யாராவது கள்ளத்தனமாக நோண்டி ஒரு லீவரை அதிகமாகத் தூக்கிவிட்டால், அது மாட்டிக்கொண்டு நின்றுவிடும். அடுத்த முறை சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று ஜோசஃப் பிராமாவின் பூட்டு, 1784-ல் காப்புரிமை பெற்றது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு, அந்த வகைப் பூட்டு ஒன்று பிக்காடிலியில் இருந்த அவர்கள் கடை ஜன்னலில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கியது.

1851 ஜூலை 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கட்டடத்தில், சாட்சிகள் முன்னால், சப் பூட்டை ஹாப்ஸ் 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டு. அதற்கு முப்பது நாள் கெடு, மூன்று நடுவர்கள், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிபந்தனைகள். பதினாறு நாட்களில் சுமார் 51 மணி நேரம் வேலை செய்து அதையும் திறந்தார். பிராமா தரப்பு முணுமுணுத்தது. ஆனாலும் நடுவர்கள் தீர்ப்பு ஹாப்ஸ் பக்கம் போனது, 200 கினியும் அவர் கைக்கு வந்தது.

இதற்குப் பிறகுதான் கூச்சல். இப்படிப் பகிரங்கமாகச் செய்யலாமா, திருடர்களுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி ஆகாதா என்று பத்திரிகைகளில் சண்டை. அந்தச் சண்டைக்குப் பதிலாகத்தான் புத்தகத்தில் மேலே சொன்ன வாதம் வருகிறது. மறைத்து வைப்பதால் பாதுகாப்பு வராது என்ற கெர்க்காஃப்ஸின் கட்டுரை 1883-ல்தான் வந்தது. அதற்கு முப்பது வருடம் முன்னால் ஒரு பூட்டுப் புத்தகம் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

சரி, வாதத்தில் என்ன குறை?

முதல் குறை, 'திருடன்' என்று ஒரே ஆள் இருப்பதாக அது நினைக்கிறது. திருடர்களில் வித்தை தெரிந்தவன் சிலர், தெரியாதவன் பலர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் பிக்கிங் முறையில் வீடு புகுந்து திருடுவது பெரிய தலைவலி ஆனது. அந்த வித்தை ஒன்றும் அன்றைக்குக் கண்டுபிடித்தது இல்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக இருப்பது. உலகத்தில் எங்கோ ஒரு திருடனுக்குத் தெரியும் என்பதும், உங்கள் தெருவுக்கு வரும் திருடனுக்குத் தெரியும் என்பதும் ஒன்றில்லை. இந்த இடைவெளியைப் புத்தகம் தாண்டிக் குதித்துவிடுகிறது.

இரண்டாவது குறை எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று உறைக்கும். மென்பொருளில் ஓட்டை இருந்தால் பேட்ச் அனுப்பலாம், ராத்திரியோடு ராத்திரியாக லட்சம் கணினிகள் சரியாகிவிடும். கதவில் இருக்கும் பித்தளைப் பூட்டுக்கு யார் பேட்ச் அனுப்புவது? கழற்றிப் புதிது வாங்கி மாட்டவேண்டும், அதுவும் சொந்தக் காசில். 2003-ல் மாட் பிளேஸ் என்ற கணினி விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். மாஸ்டர் சாவி முறையில் இயங்கும் கட்டடத்தில் ஒரு சாதாரண அறைச் சாவியும் கொஞ்சம் வெற்றுச் சாவிகளும் இருந்தால் போதும், ஒவ்வொரு வெட்டாக மாற்றிப் பரிசோதித்து மொத்தக் கட்டடத்துக்குமான மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். பூட்டுத் தொழிலில் சிலருக்கு இது முன்பே தெரியும். ஆனாலும் அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் தொழில் ரகசியம் போச்சே என்ற சுயநலம் இருந்தது உண்மை. அதே சமயம் நியாயமும் கொஞ்சம் இருந்தது. ஆயிரம் அறை உள்ள விடுதியின் பூட்டுகளை ஒரே வாரத்தில் மாற்ற யாராலும் முடியாது.

மூன்றாவது, பேசுகிறவர் யார் என்பது. ஹாப்ஸ் பூட்டு விற்பவர். போட்டியாளரின் பூட்டைத் திறந்த கையோடு லண்டனிலேயே சொந்தமாகப் பூட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். இதனால் அவர் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் 'பொதுநலம்' என்று புத்தகம் சொல்லும் இடங்களில் எல்லாம் நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன்.

எதிர்ப்பக்கமும் பார்க்கவேண்டும். பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? கிரிப்டோனைட் கம்பெனியின் சைக்கிள் பூட்டு கதை இருக்கிறது. உருளை வடிவச் சாவி போடும் அந்த மாதிரிப் பூட்டை ஒரு பால்பாயிண்ட் பேனாவின் குழாயால் திறக்கலாம் என்று 1992-லேயே ஒரு பிரிட்டிஷ் சைக்கிள் பத்திரிகையில் வந்துவிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2004-ல் வீடியோவாக இணையத்தில் பரவியதும், கம்பெனி இலவசமாகப் பூட்டுகளை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம் அந்தப் பூட்டை நம்பி சைக்கிளை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! ஆகவே 1853 புத்தகம் தவறு என்று நான் சொல்லவில்லை. பேசினாலும் ஒரு விலை, பேசாவிட்டாலும் ஒரு விலை. புத்தகம் இரண்டாவது விலையை மட்டும் கணக்குப் போடுகிறது.

இப்போது பொழுதுபோக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பழைய பூட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கம்பியால் நோண்டுகிறவர் எந்த ரகசியத்தையும் உலகத்துக்கு அறிவிக்கவில்லை. அவருக்கு 'திருடனுக்கு ஏற்கெனவே தெரியும்' என்ற வாதம் எதற்கு? அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இது யார் பூட்டு? யாரைக் கேட்டுத் திறக்கிறாய்?

இந்தக் கேள்விக்கு ஹாப்ஸின் வாதத்தில் பதில் இல்லை, செயலில் இருக்கிறது. அவர் இரவில் யார் வீட்டுப் பூட்டையும் திறந்து காட்டவில்லை. பிராமா கம்பெனியே விடுத்த சவாலை ஏற்று, நிபந்தனை பேசி, நடுவர் வைத்து, பகலில் திறந்தார். ஜெர்மனியில் 1997-ல் தொடங்கிய பூட்டுத் திறப்போர் சங்கம், பிறகு நெதர்லாந்தில் உருவான டூல் அமைப்பு என்று இன்றைய குழுக்கள் பொதுவாக ஒப்புக்கொண்டிருக்கும் விதிகள் இரண்டு. உன்னுடையது அல்லாத பூட்டை அனுமதி இல்லாமல் தொடாதே. பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, அது உன்னுடையதே ஆனாலும், தொடாதே. இரண்டாவது விதி விசித்திரமாகத் தோன்றலாம். காரணம் எளிது: நோண்டும்போது பூட்டு கெட்டுப்போகலாம், அப்புறம் சாவி போட்டாலும் கதவு திறக்காது.

சட்டமும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டம், 25-வது பிரிவு: திருட்டுக்குப் பயன்படுத்தும் நோக்கத்தோடு வீட்டுக்கு வெளியே கருவி வைத்திருப்பது குற்றம், மூன்று வருடம் வரை சிறை. வீட்டு மேஜையில் இருப்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியா போன்ற இடங்களில் கருவி கையில் இருப்பதே தீய நோக்கத்துக்கு முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும், அதாவது 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று விளக்கும் சுமை வைத்திருப்பவன் தலையில். ஜப்பான் 2003 சட்டத்தில் இன்னும் இறுக்கியது. தொழில் அல்லது நியாயமான காரணம் இல்லாமல் அந்தக் கருவிகளை வைத்திருந்தாலே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம்.

ஜப்பான் சட்டம் எனக்கு உவப்பில்லை. கருவியைத் தண்டிக்கும் சட்டம், வளைத்த கம்பியால் பத்து நிமிடத்தில் கருவி செய்துகொள்ளும் திருடனைத் தடுப்பது சந்தேகம், பொழுதுபோக்குக்காரனை நிச்சயம் தடுக்கும். ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேச 1853 வாதம் உதவாது. 'திருடர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே' என்று சொன்னால், 'அதனால்தான் கருவியைத் தடை செய்கிறோம்' என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டுப் போகும். உதவக்கூடியது இன்னொன்று: அனுமதி, சாட்சி, வெளிச்சம். தன் பூட்டைத் தான் திறப்பதும், ஒரு சங்கத்தில் நாலு பேர் முன்னால் திறப்பதும், கண்டுபிடித்த ஓட்டையை முதலில் பூட்டு செய்தவனிடம் சொல்லி அவகாசம் கொடுப்பதும்தான் நோக்கத்துக்குச் சான்று. இதெல்லாம் ஹாப்ஸ் காலத்திலேயே பாதி இருந்தது.

கையேட்டை இன்றும் படிக்கலாம். படங்களும் விளக்கங்களும் அருமை, எழுத்தும் தெளிவு. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வாதத்தோடு நிறுத்திவிடாமல், பிராமா பூட்டுக்காகப் போட்ட ஒப்பந்தம் பற்றிய பக்கங்களையும் படியுங்கள். வாதத்தைவிட அந்த ஒப்பந்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.