நிபந்தனை போடுகிற வாய்

2017 மார்ச்சில் ஒரு வக்கீல் நோட்டீஸ் கடல் தாண்டிப் போனது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாட வந்து ஐம்பது ஆண்டு ஆனதற்காக நடந்த ‘எஸ்.பி.பி. 50’ உலகச் சுற்றுப்பயணம் அப்போது அமெரிக்காவில் இருந்தது. என் அனுமதி வாங்காமல் என் பாட்டுகளை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா அனுப்பிய நோட்டீஸ் அது. எஸ்.பி.பி., சித்ரா, சரண் மூவருக்கும் வந்தது. மீதிக் கச்சேரிகளில் ராஜாவின் பாட்டுகளைப் பாடப் போவதில்லை என்று எஸ்.பி.பி. அறிவித்தார். சட்டம் அதுதான் என்றால் கட்டுப்படுகிறேன் என்றார். இதை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்று ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார்.

ரசிகர்கள் கேட்கவில்லை. துடியலூர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் அதே பேச்சுதான். பணத்தாசை, தலைக்கனம், நட்புத் துரோகம். பாட்டு மக்கள் சொத்துங்க, அதுக்குப் போயி காசு கேக்கறதா என்றார்கள்.

மக்கள் சொத்து என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் இந்த வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? அமெரிக்காவில் ஒரு கச்சேரி என்றால் அரங்க வாடகை, விமான டிக்கெட், ஓட்டல், ஒலி, ஒளி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு, கையெழுத்து உண்டு, டாலரில் விலை உண்டு. உள்ளே வருகிற தமிழனும் டிக்கெட் வாங்கித்தான் வருகிறான். அரங்கத்துக்காரனிடம் போய் இது மக்கள் சொத்து, சும்மா விடு என்று எவனும் சொல்லவில்லை. மெட்டுப் போட்டவன் மட்டும் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்!

எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பது தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி, இசையமைப்பாளர் மூவருக்கும் நடுவில் பல வருசமாகக் கோர்ட்டில் இழுபடுகிற விசயம். அதற்குத் தீர்ப்புச் சொல்வது இங்கே என் வேலையில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிப்படுத்தியது. பாடியவருக்கும் அதே திருத்தத்தில் பங்கு உண்டு. ஆக கேட்டது பிச்சையில்லை, பாத்தியதை. கேட்டவர் மேல் அத்தனை ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

வேறொரு சுற்றுப்பயணத்தைப் பாருங்கள். 1964இல் இங்கிலாந்திலிருந்து பீட்டில்ஸ் குழு அமெரிக்கா போனது. செப்டம்பர் 11ஆம் தேதி புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் கச்சேரி. கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்றார்கள். ஒதுக்காமல்தான் கச்சேரி நடந்தது. அடுத்த வருசம் கலிபோர்னியாவில் போட்ட ஒப்பந்தத்தில் அதையே ஒரு விதியாக எழுதி வைத்தார்கள். நியாயமான நிபந்தனை, பாராட்ட வேண்டியதுதான். அதை உலகம் இன்றைக்கும் கொண்டாடுகிறது, 2016இல் வந்த ஆவணப்படத்திலும் பேசப்பட்டது. ஆனால் அந்த நால்வரும் ராக் அண்ட் ரோலைக் கற்றுக்கொண்டது சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பர்களின் ரெக்கார்டுகளிலிருந்து. கறுப்பர் ஒருவர் அதே ஊரில் அதே நிபந்தனையைப் போட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? வெள்ளைக்காரன் போட்டால் கொள்கை. கறுப்பன் போட்டால் திமிர்.

இந்தத் திமிர் என்ற சொல் கொங்கு நாட்டில் நமக்குப் புதுசா? எழவுக்கும் நோம்பிக்கும் பறை அடிக்கப் போனவர்களுக்குக் கூலி பேசும் வழக்கமே கிடையாது. ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான், போக வேண்டும். “குடுக்கறத வாங்கிக்கடா” என்பதுதான் ஒப்பந்தம். எவ்வளவுங்க பண்ணாடி என்று கேட்டால் அன்றைக்கே அவன் திமிர் பிடித்தவன். வரமுடியாது என்றால் ஊர்க்கட்டு. அதனால்தான் தமிழகச் சேரிகளில் பறையடிக்க மாட்டோம் என்பதே ஒரு போராட்ட வடிவம் ஆயிற்று. கலை பெரிசா, மறுக்கிற உரிமை பெரிசா என்று கேட்டால், மறுக்க முடியாத இடத்தில் அடிக்கிற அடிக்குப் பெயர் கலையே இல்லை, ஊழியம்.

இளையராஜா தன்னைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை ஏற்காதவர். அது அவர் விருப்பம். ஆனால் பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர் நிபந்தனை போட்டதும், போடச் சொல்லி உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கிளம்பிய அந்தக் குரல் நமக்கு நன்றாகப் பழகிய குரல். எஸ்.பி.பி.யிடம் அந்தக் குரல் இல்லை. 2019இல் சென்னையில் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். சம்பந்தப்பட்டவர்கள் முடித்துக்கொண்டதை வேடிக்கை பார்த்தவர்கள்தான் முடிக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் நாமும் ரசிகர் மன்றம்தான். சட்டம் தேடுவது ஒரு பெயரை, ஒரு கையெழுத்தை. பாட்டன் அடித்து, அப்பன் அடித்து, மகன் கைக்கு வந்த அடிக்கு எந்தப் பெயரைப் போடுவது? துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் புறநானூறு 335ஆம் பாட்டு பெருமையோடு சொல்கிறது. அதில் மூன்று பெயர் கொட்டுக்கும் பாட்டுக்கும் உரியவை. துடியலூர் என்ற பெயரிலேயே துடி கேட்கிறது, ஊருக்குப் பெயர் வந்த காரணம் எதுவாகவும் இருக்கட்டும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது சினிமாவுக்குள் நுழைந்த கிராமத்து மெட்டும் தாளமும் இப்படிப் பெயரில்லாதவர்கள் காத்துக் கொடுத்தவை. ராஜாவின் உரிமைக்காகப் பேசுகிற நாம் அவர்களுடைய பங்கு எங்கே என்று ராஜாவிடமும் கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடைகளில் பறை முழங்குகிறது. அடிக்கிற பிள்ளைகள் சந்தோசமாக அடிக்கட்டும். அந்த அடி எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று மேடையில் சொல்கிறார்களா?

சட்டம் திருந்துகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டாலும் சரி, நியூஜெர்சிக்குக் கூப்பிட்டாலும் சரி, நம் தப்பட்டை, ஜமாப்புக் குழுக்கள் ஒரு காகிதம் கேட்க வேண்டும். கூலி இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, போகவர வண்டி, எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு, நோட்டீசில் ஆள் பேர். கையெழுத்துப் போட்டால் கொட்டு. போடாவிட்டால் கொட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். திமிர் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.