ஸ்டைரனின் ‘டார்க்னெஸ் விசிபிள்’: ஆறு மாதத் தாமதம்

மனச்சோர்வு பற்றிய புத்தகங்கள் என்று தேடினால் கட்டாயம் கண்ணில் படுவது, அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1990-ல் வெளியிட்ட ‘டார்க்னெஸ் விசிபிள்’. நூறு பக்கம்கூட வராது. ஒரே மூச்சில் படிச்சிடலாம். நோயை உள்ளே இருந்து இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு என்று பாராட்டுவார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அது முதலில் வேறொன்றாகத் தெரிஞ்சது. ஒரு மனிதருக்கு உதவி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதன் பதிவு அது.

சிஸ்டம் விழுந்த பிறகு லாக் ஃபைலைப் பார்க்கிற பழக்கத்தில், புத்தகத்தில் உள்ள காலத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1985 ஜூனில் ஸ்டைரனுக்குக் குடி திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகிறது. நாற்பது வருடப் பழக்கம் நிற்கிறது. அந்தக் கோடையில், அவருக்குப் பிடித்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவிலேயே மனம் ஒட்டவில்லை. பொழுது சாய்ந்தால் பயம், இரவில் தூக்கம் இல்லை. உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து வரிசையாகப் பரிசோதனைகள் செய்கிறார். எல்லாம் நார்மல்! அக்டோபரில் ஒரு பெரிய விருது வாங்க பாரிஸ் போகிறார். விழாவை ஒட்டிய விருந்தையே மறந்து வேறு இடத்தில் சாப்பிட ஒத்துக்கொள்கிறார். இருபத்தைந்தாயிரம் டாலர் பரிசுக் காசோலையைத் தொலைத்துவிட்டு, பிறகு அது கிடைக்கிறது. டிசம்பரில்தான் மருத்துவமனையில் சேர்கிறார், அதுவும் உயிரை விட முடிவு செய்த இரவுக்கு மறுநாள்.

முதல் அறிகுறியிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு மாதம். அவருக்குப் பணம், படிப்பு, அக்கறையுள்ள மனைவி எல்லாம் இருந்தது. நடுவில் மனநல மருத்துவரையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஏன் தாமதம்? புத்தகத்தில் புனைபெயரில் வரும் அந்த மருத்துவரே, ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்று மருத்துவமனையைத் தவிர்க்கச் சொல்கிறார். பல வாரங்களுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்று ஸ்டைரன் பின்னால் எழுதுகிறார். புத்தகத்தின் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன்.

எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, தன்னைக் குணப்படுத்தியது தனிமையும் காலமும்தான் என்கிற தொனி. அந்தத் தனிமை கிடைத்தது, ராத்திரி பகலாக ஆள் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையில், ஏறக்குறைய ஏழு வாரம்! அதைக் கவனிக்காத வாசகர், ‘காலம் போனா சரியாயிடும்’ என்று வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொள்ளக்கூடும். இரண்டாவது, காம்யூ, பிரிமோ லெவி என்று எழுத்தாளர்களின் வரிசை. படிக்கச் சுவாரசியம்தான். ஆனால் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும், பிரசவம் முடிந்த பெண்ணுக்கும் இது வரும் என்பது அதில் மங்கிப்போகிறது.

‘டிப்ரஷன்’ என்பது இந்த நோய்க்குச் சப்பையான வார்த்தை என்று ஸ்டைரன் கோபப்படுவார். தமிழில் நம் சிக்கல் இன்னும் மோசம். பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்பது ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் சேர்த்தே ஓடுகிறது. ஆபீஸ் டெட்லைன் தருவது அழுத்தம். டெட்லைன் முடிந்தால் அது இறங்கும். மனச்சோர்வு அப்படி இறங்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே, நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வா’ என்ற அறிவுரைதான் வரும்.

சரி, எப்போது போக வேண்டும்? மருத்துவத்தில் உள்ள அளவுகோல் எளிமையானது. இரண்டு வாரமாக அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, மனம் வெறுமையாக இருப்பது அல்லது பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு கெடுவது, குற்ற உணர்ச்சி. அதனால் வேலையும் வீடும் தடுமாறுவது. இவ்வளவு இருந்தால் டாக்டரைப் பார்க்கலாம். தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதையும் அவர் பார்த்துச் சொல்வார். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே, யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

புத்தகத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அதே நோயில் மருத்துவமனை வரை போய் மீண்ட ஒரு பத்திரிகைக்கார நண்பர் ஸ்டைரனுக்கு விடாமல் போன் பண்ணுகிறார்: இது சரியாகும், நம்பு. சோர்ந்த மனம் தனக்கு உதவி தேவையா என்று தானே முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறது. அதனால் பக்கத்தில் இருப்பவர் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, வண்டியும் வரச்சொல்லி, கூடவே போய் உட்கார்ந்திருப்பது பெரிய காரியம். வீட்டில் ஒருவர் சோர்ந்து கிடக்க என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள்தான் இந்தப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும்.