உணவு மறுப்பும் பசியின்மையும்: உணவுக்கோளாறு வகைப்பாடு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

திருப்பூர் மாவட்டம் பொங்கலூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில், விடுதியில் தங்கி இரவுப்பணி செய்யும் இளம்பெண் ஒருத்தி, மூன்றே மாதத்தில் ஏழு கிலோ எடை குறைந்து மருத்துவரிடம் வருவதாகக் கொள்வோம். "சோறு எறங்க மாட்டீங்குதுங்க" என்பதே அவள் கூறும் காரணம். இக்கூற்றை இன்றைய உளமருத்துவ வகைப்பாடு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சம் என்னும் அளவுகோல்

அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு (1994), அனோரெக்சியா நெர்வோசாவுக்குக் குறைந்த எடை, பருமனாகிவிடுவோமோ என்னும் அச்சம், தன்னுடல் குறித்த பிறழ்ந்த நோக்கு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றை வேண்டியது. ஆனால் ஹாங்காங்கில் சிங் லீ ஆராய்ந்த நோயாளர் பலரிடம் அவ்வச்சம் காணப்படவில்லை. வயிற்று உப்புசத்தையும் பசியின்மையையுமே அவர்கள் காரணமாகக் கூறினர். இந்தியாவிலும் 1995இல் வெளியான ஆய்வொன்று, உடற்பிம்பக் கவலை வெளிப்படாத இளம்பெண் நோயாளர் ஐவரைப் பதிவு செய்தது.

ஐந்தாம் பதிப்பு (2013) மாதவிடாய் நிபந்தனையை நீக்கியது. அச்சத்தை வாய்விட்டுக் கூறாவிடினும், எடை கூடுவதைத் தடுக்கும் தொடர்நடத்தை இருந்தால் போதும் என்றது. உடலமைப்புக் கவலையின்றி உணவைத் தவிர்ப்போருக்கெனத் தனி வகையொன்றையும் சேர்த்தது. எனினும் கையேடு திருந்திய அளவுக்கு வினாநிரல் திருந்தவில்லை. 1999இல் இங்கிலாந்தில் உருவான ஸ்காஃப் வினாநிரலில் ஐந்து வினாக்கள் உள்ளன. இரண்டுக்கு 'ஆம்' என்றால் ஐயத்துக்கு இடமுண்டு. வலிந்து வாந்தி எடுத்தல், உண்ணும் அளவில் கட்டுப்பாடு இழத்தல், தாம் பருமன் என நம்புதல், உணவு நினைவே வாழ்வை ஆளுதல் ஆகிய நான்குக்கும் பொங்கலூர்ப் பெண் 'இல்லை' என்பாள். எடை இழப்பு ஒன்றுக்கே 'ஆம்' என்பாள். ஆகவே அவள் விடுபட்டுப்போவாள்.

சொல்லாக்கச் சிக்கல்

அனோரெக்சியா என்பதைத் தமிழில் 'பசியின்மை' எனப் பெயர்ப்பது வழக்கம். அது கிரேக்க வேர்ச்சொல்லுக்குப் பொருந்தும், நோய்க்குப் பொருந்தாது. இந்நோயில் பசி பெரும்பாலும் இருக்கும், அது அடக்கப்படும். பசியில்லை என்பதும், உண்ண மனமில்லை என்பதும், உணவு இறங்கவில்லை என்பதும் தமிழில் வெவ்வேறு நிலைகள். ஒரே கலைச்சொல் இம்மூன்றையும் மூடிவிடுகிறது.

விலக்கு விதி

புதிய தவிர்ப்பு வகை, உணவு கிடைக்காமையாலோ பண்பாடு ஏற்ற வழக்கத்தாலோ நேரும் உண்ணாமையை விலக்குகிறது. வறுமையையும் நோன்பையும் நோயாக்காமல் காப்பதால் இவ்விதி தேவையானதே. ஆனால் விடுதியில் சோறு உண்டு. அது வாய்க்கு ஒவ்வாததாகவோ இரவுப்பணியால் வேளை தவறியதாகவோ இருக்கலாம். இதைக் 'கிடைக்காமை' எனக் கொள்வதா என்பதற்கு விதியில் தெளிவில்லை. மேலும், ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகையும் பசியைக் குறைக்கும் என்பதால், எடையை மட்டும் கொண்டு நோயை முடிவுசெய்ய இயலாது.

முடிவுரை

அச்சத்தை மையமாக்கும் வினாநிரல், காரணத்தை வேறு சொல்லால் கூறுபவரைத் தவறவிடுகிறது. எடையை மட்டும் நோக்கும் அணுகுமுறை, சத்துக்குறைவை மனநோயாகக் காட்டும் இடருடையது. உடல்நோய்ச் சோதனைக்குப் பின், பசிக்கிறதா, உண்ண மனம் வருகிறதா, உணவு இறங்குகிறதா என மூன்றையும் தனித்தனியே வினவும் தமிழ் வினாநிரல் தேவை. 'பசியின்மை' என்பதற்கு மாற்றாக 'உணவு மறுப்பு' என்னும் சொல்லை ஆள்வது அதற்குத் தொடக்கமாக அமையும்.